நிலவு மண்ணும் வங்கித் தேர்வும்

“அக்கா, நான் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சந்திரயான்-3 இறங்கிய நாளிலிருந்து கோள் அறிவியல்தான் மனதில் நிற்கிறது. சந்திரயான்-4, பென்னு சிறுகோள் என்று வருகிற செய்திகளை விடாமல் படிக்கிறேன். இதில் வேலை கிடைக்குமா என்று கேட்டால் கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். வெளிநாடு போனால்தான் முடியுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தொலைநோக்கியும் இல்லை.” இதுதான் நீங்கள் எழுதிக் கேட்டது.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், பூசி மெழுகாமல் சொல்கிறேன். வேலை இருக்கிறது. ஆனால் “கோள் அறிவியலாளர் தேவை” என்று செய்தித்தாளில் விளம்பரம் வருகிற மாதிரி வேலை இல்லை. அந்தப் பெயரில் போட்டிருக்கிற நாற்காலிகள் நம் நாட்டில் மிகக் குறைவு. கோள்களை ஆராய்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள். பாறை, வெப்பம், எக்ஸ் கதிர், ரேடார், கணக்கு என்று ஏதாவது ஒன்றைக் கைத்தொழில் போலக் கற்றுக்கொண்டு, அந்தத் தொழிலோடு நிலவுக்கும் செவ்வாய்க்கும் போனவர்கள். நானும் அப்படித்தான். நிலவியல் படித்து, கல் அறுத்து, அதன் பிறகு வந்து சேர்ந்தவள்.

வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டிவிடுகிறேன். சந்திரயான்-3 நிலவில் இறக்கிய விக்ரம் லேண்டரில் சேஸ்ட் என்று ஒரு கருவி போனது. பத்து வெப்ப உணரிகள் பதித்த ஒரு கோல் அது. மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை குத்தி இறங்கும்படி செய்திருந்தார்கள். தரையிறங்கிய சில நாட்களில் இஸ்ரோ வெளியிட்ட வரைபடத்தில், எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் அவ்வளவு வித்தியாசம். ஆனால் உண்மையான வேலை அந்த வரைபடத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. மேற்பரப்பில் 355 கெல்வின், அதாவது 82 டிகிரி செல்சியஸ் வரை காட்டியது. எதிர்பார்த்ததைவிட சுமார் 25 டிகிரி அதிகம். கருவிக் கோளாறா, கணக்கில் பிழையா? கடைசியில் விடை சப்பென்று இருந்தது: அந்தக் கோல் குத்திய இடம் சூரியனைப் பார்த்த 6 டிகிரி சரிவு. ஒரு மீட்டர் தள்ளி, சமமான தரையில் 332 கெல்வின்தான். வெறும் 6 டிகிரி சாய்வு இவ்வளவு சூட்டைக் கூட்டுமானால், துருவத்தைப் பார்த்து நன்றாகச் சாய்ந்த சரிவில் எவ்வளவு குளிர்ந்திருக்கும்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, 14 டிகிரிக்கு மேல் துருவப் பக்கம் சாய்ந்த சரிவுகளில் தரைக்குச் சற்றுக் கீழேயே பனி தங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்று 2025 மார்ச்சில் கட்டுரை வெளியிட்டார்கள்.

நீங்கள் செய்முறை வகுப்பில் லீ வட்டை வைத்து அட்டையின் வெப்பக் கடத்துதிறனை அளந்திருப்பீர்கள். நீராவி வரும், வட்டு சூடாகும், ஸ்டாப் வாட்ச்சோடு நிற்போம், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் போதும் என்றிருக்கும். நிலவு மண்ணும் அந்த அட்டையைப் போல ஒரு மோசமான கடத்திதான். சேஸ்ட் செய்தது லீ வட்டின் பேரப்பிள்ளை செய்கிற வேலை. நீங்கள் படிக்கிற இயற்பியலுக்கும் நிலவுக்கும் நடுவில் நீங்கள் நினைக்கிற தூரம் இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். இஸ்ரோவில் வேலை என்பது வேறு, கோள் அறிவியல் என்பது வேறு. இஸ்ரோவின் மத்தியத் தேர்வில் எடுக்கிற விஞ்ஞானி/பொறியாளர் பணியிடங்களில் பெரும்பகுதி மெக்கானிக்கல், மின்னணுவியல், கணினி படித்த பொறியாளர்களுக்கானவை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனவர். அவர் துறை இயந்திரவியல். கலத்தைப் பத்திரமாக இறக்குவது அவர்கள் பொறுப்பு. இறங்கிய பிறகு அந்த மண் என்ன சொல்கிறது என்று கேட்பது வேறு ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் உட்கார்ந்திருக்கிற முக்கியமான இடம் அகமதாபாத்தில் உள்ள பி.ஆர்.எல். எனப்படும் இயற்பியல் ஆய்வுக்கூடம். 1947-ல் விக்ரம் சாராபாய் தொடங்கியது. அடுத்தது திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குள் இருக்கும் விண்வெளி இயற்பியல் ஆய்வகம்; சேஸ்ட் கருவியை முன்னின்று செய்தது அவர்கள்தான், பி.ஆர்.எல். கூட நின்றது. இவற்றோடு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், திருவனந்தபுரத்தில் ஐ.ஐ.எஸ்.டி. என்கிற விண்வெளிக் கல்வி நிறுவனம், சில ஐ.ஐ.டி.க்கள், ஐசர்கள் என்கிற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்கள். பொறியியல் படிக்கவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கூட்டத்துக்கு வேண்டியது இயற்பியலும் வேதியியலும் நிலவியலும்தான்.

இனி செய்திக்கு வருகிறேன். விடாமல் படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் இனிமேல் அதை வேலை அறிவிப்பு படிக்கிற கண்ணோடு படியுங்கள். 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை சந்திரயான்-4 திட்டத்துக்கு 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. நிலவு மண்ணை அள்ளிக்கொண்டு திரும்புகிற திட்டம். எல்லாரும் ராக்கெட்டைப் பற்றியும், விண்வெளியில் கலங்களை இணைப்பதைப் பற்றியும் எழுதினார்கள். நான் அந்தச் செய்தியில் வேறொன்றைப் படித்தேன்: மண் வந்து சேர்ந்தால் அதை யார் பிரிப்பார்கள், யார் அளப்பார்கள்? காற்றும் ஈரமும் படாத பெட்டிக்குள் வைத்து, ஒரு மில்லிகிராம்கூட வீணாகாமல் அறுத்து, அணுக்களை எடை வாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில் ஏற்றி, ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து வயது சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் 2023 செப்டம்பரில் பென்னுவிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். அந்த ஒரு கைப்பிடியைப் பல நாட்டு ஆய்வகங்கள் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. உயிர்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு அதில் இருந்ததாக 2025 ஜனவரியில் சொன்னார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது வெறும் 5.4 கிராம். கலத்தை அனுப்புவது சில ஆண்டு வேலை. வந்த கல்லைப் படிப்பது ஒரு தலைமுறையின் வேலை. அப்பல்லோ கற்களை இன்னும் படித்து முடிக்கவில்லை. அதற்குப் பழகிய கைகள் நம்மிடம் போதாது. இன்று முதுகலை சேர்கிற பிள்ளை ஒருத்தி, மண் வரும்போது முனைவர் பட்டம் முடித்து நிற்பாள்.

அதே நாள் அதே அமைச்சரவை வெள்ளிக் கோளைச் சுற்றப்போகும் கலனுக்கும் 1,236 கோடி ரூபாய் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவது இலக்கு. வெள்ளியை மேகம் மூடியிருக்கிறது, தரையைப் பார்க்க ரேடார்தான் வழி. ஆகவே ரேடார் படத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கும் வளிமண்டல மாதிரிக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கும் அங்கே இடம். இயற்பியல் மாணவிக்கு நான் கை காட்டுவது இந்தப் பக்கம்தான். 2025 மார்ச்சில் அனுமதி பெற்ற சந்திரயான்-5 ஜப்பானோடு சேர்ந்து செய்வது; சந்திரயான்-3-ன் 26 கிலோ பிரக்யான் ரோவருக்குப் பதில் 250 கிலோ ரோவர். தேதிகள் தள்ளிப்போகும். விண்வெளித் திட்டத்தில் தேதி தள்ளிப்போகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் படிப்பை ஒரு திட்டத்தின் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். அது கேட்கிற திறமையோடு போடுங்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதுகலையில் எங்களை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்குக் கூட்டிப்போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தரையில் வெள்ளையும் சாம்பலுமாகப் பாறை. “இது அனார்த்தோசைட். நிலவில் வெள்ளையாகத் தெரிகிற மேட்டுப் பகுதியெல்லாம் இந்த வகைதான்” என்றார் ஆசிரியர். அன்றைக்கு எனக்குத் தாகம்தான் பெரிதாக இருந்தது. ஊருக்கு வந்து அந்தக் கல்லில் தின் செக்‌ஷன் போடச் சொன்னார்கள். கல்லை அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும், 0.03 மில்லிமீட்டர் கனம் வருகிற வரை. தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழப்பாகிவிடும். நடுநடுவே நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். மஞ்சள் தட்டினால் இன்னும் தடிப்பு. சாம்பலும் வெள்ளையுமாக மாறினால் சரியான கனம். ஒரு நொடி கூடத் தேய்த்துவிட்டால் கல்லே காணாமல் போய்க் கண்ணாடிதான் மிஞ்சும். எனக்கு முதல் மூன்றும் அப்படித்தான் போயின. நாலாவதில், ஒளியை வடிகட்டும் தளவிளைவாக்கிகள் குறுக்காக நிற்க, அந்தப் பாறையின் முக்கியக் கனிமமான பிளேஜியோகிளேஸ் படிகம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கைலி வேட்டிக் கரை மாதிரி. அன்றைக்குத்தான் இந்தத் துறை எனக்குப் பிடித்தது; நிலவைப் பார்த்து அல்ல.

அந்தச் சித்தம்பூண்டிப் பாறையைத்தான் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் துணையோடு பொடியாக்கி, பெங்களூருவில் நிலவு மண்ணுக்குப் பதிலாகக் கொட்டி, லேண்டர் கால்களையும் ரோவர் சக்கரங்களையும் சோதித்தது இஸ்ரோ. ஏறத்தாழ 50 டன் போனது. வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் பெரும் செலவு. சித்தம்பூண்டிக் கல் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது, அதில் குருந்தமும் கிடைக்கும். நிலவில் அப்படி இல்லை. ஆகவே அச்சு அசல் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் பிரக்யானின் எக்ஸ் கதிர்க் கருவி அளந்த 23 இடங்களின் முடிவு வெளியானபோது, அங்கே இருந்தது அனார்த்தோசைட் வகை மண் என்று படித்ததும் எனக்கு அந்த வெயில்தான் நினைவுக்கு வந்தது. நிலவு பிறந்த புதிதில் முழுக்க உருகிய குழம்பாக இருந்தது, அதில் லேசான பிளேஜியோகிளேஸ் பாலாடை போல மேலே மிதந்து இறுகியது என்பது பழைய கருதுகோள். தென் துருவத்துக்கு அருகே நேரில் போய் அளந்து அதற்குச் சான்று சேர்த்தது அந்தக் கட்டுரை. அந்தக் கருவியைச் செய்தவர்கள் பி.ஆர்.எல். ஆட்கள், குழுவில் எக்ஸ் கதிர் இயற்பியல் தெரிந்தவர்களும் பாறை தெரிந்தவர்களும் கலந்திருந்தார்கள்.

உங்கள் நிலைக்கு வருவோம். மூன்றாம் ஆண்டு என்றால் முதலில் முதுகலை. ஐ.ஐ.டி.க்களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்வை எழுதுங்கள்; இயற்பியலோடு புவி இயற்பியல் என்கிற ஜியோபிசிக்ஸ் பிரிவையும் விருப்பப் பட்டியலில் வையுங்கள். பலர் அதை இரண்டாந்தரமாக நினைத்து ஒதுக்குகிறார்கள். கோள் ஆராய்ச்சிக்கு அதைவிட நேரான பாதை எனக்குத் தெரியாது. நம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இயற்பியல் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியலுக்கும் கோள் ஆய்வுக்கும் என்றே ஒரு மையம் இருக்கிறது என்பதை நம்மூர்ப் பிள்ளைகளிலேயே பலர் அறிய மாட்டார்கள். முதுகலைக்குப் பிறகு, முனைவர் பட்டத்துக்கு வழிவிடுகிற சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகள். நெட் தேர்வில் ஒரு பாடத்தின் பெயரே புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்பதுதான். பெயரில் கோள் கடைசியில் வருகிறது, வினாத்தாளிலும் ஏறக்குறைய அதே மரியாதைதான். இயற்பியல் தாளில் தேறினாலும் பி.ஆர்.எல்.லில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் போட்டுவிடுவோம், அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. படிக்கிற காலத்தில் கையேந்த வேண்டியதில்லை, கொஞ்சம் வீட்டுக்கும் அனுப்பலாம். நான் அனுப்பினேன். ஆனால் 23 வயதில் சேர்ந்தால் முனைவர் பட்டம் கையில் வர 28, 29 ஆகும். பிறகு முதுமுனைவர் ஆய்வு என்று இரண்டு மூன்று இடம், இரண்டு மூன்று ஆண்டு வீதம். நிரந்தர வேலை 33, 34-ல் கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுவில் கல்யாணப் பேச்சு, அப்பாவின் ஓய்வு, தம்பி படிப்பு என்று வீட்டுக் கணக்கு எல்லாம் குறுக்கே வரும். இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். என்னோடு சேர்ந்த சிலர் பாதியில் விட்டார்கள். அவர்களில் யாருக்கும் மூளை குறைவில்லை.

அப்படி விட்டவர்களில் யார் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்தால், கையில் ஒரு தொழில் இருந்தவர்கள். சந்திரயான்-2 சுற்றுகலனில் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஒன்று இருக்கிறது; நிலவின் ஒவ்வொரு புள்ளியும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பதிவு செய்யும். அந்தத் தரவைப் பிரித்துக் கனிமம் சொல்லப் பழகியவர், பூமியைப் பல அலைநீளங்களில் பிரித்துப் பார்க்கிற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் செயற்கைக்கோள் நிறுவனத்திலும் அதே வேலையைச் செய்யலாம். பெங்களூருவின் பிக்ஸெல் போன்ற நிறுவனங்கள் அதைத்தான் தொழிலாக வைத்திருக்கின்றன. நிறை நிறமாலைமானி தெரிந்தவரை கனிம நிறுவனமும் மருந்து நிறுவனமும் கூப்பிடும். லித்தியம், அருமண் என்று நாடு தேடத் தொடங்கி, 2025 ஜனவரியில் அதற்கென்றே ஒரு தேசிய இயக்கத்தை அறிவித்திருக்கிறது. ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. நடத்துகிற புவி அறிவியலாளர் தேர்வில், முதுகலை இயற்பியல் படித்தவர்களும் புவி இயற்பியலாளர் பணிக்கு எழுதலாம். நிரந்தர மத்திய அரசு வேலை. அப்பா காதில் விழ வேண்டிய சொற்கள் இவை. நம் நாட்டில் விழுகிற விண்கற்களைப் பாதுகாத்து வைப்பதும் ஜி.எஸ்.ஐ.தான், ஆகவே நிலவிலிருந்து ரொம்பவும் விலகிப் போனதாக ஆகாது.

விண்கல் என்றதும் ஒன்று. 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் தியோதர் பக்கம் இரண்டு கிராமங்களில் கல் விழுந்தது. ஒரு துண்டு வேப்பமரத்தில் மோதிச் சிதறியது. ஊர்க்காரர்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். பி.ஆர்.எல்.லில் ஆராய்ந்ததில் அது ஆப்ரைட் என்ற அபூர்வ வகை என்று தெரிந்தது. நம் நாட்டில் அதற்கு முன் அந்த வகை விழுந்தது 1852-ல். கலமும் இல்லை, கோடிகளும் இல்லை, வாசலில் வந்து விழுந்த கோள் அறிவியல் அது. செய்தித்தாளில் அது சின்னப் பெட்டிச் செய்தியாக வந்து போனது.

நிரல் எழுதத் தெரியாது என்பதை மட்டும் இந்தக் கணமே மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தான் போதும். ஆனால் “பைத்தான் கற்கிறேன்” என்று தொடங்கினால் மூன்றாம் வாரம் சலித்துவிடும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். இஸ்ரோவின் பிரதான் என்ற தரவு இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் சந்திரயான்-2 தரவு இலவசமாகக் கிடைக்கும். சந்திரயான்-3 தரவும் 2024 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. சந்திரயான்-2-ன் உயர்தெளிவுக் கேமரா 25 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டக்கூடியது. நிலவில் கிடக்கிற ஒரு முறத்தைக்கூடக் கண்டுபிடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு படத்தை எடுத்து, இலவச வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் திறந்து, அதில் உள்ள பள்ளங்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு விட்டத்தை அளந்து, அளவுக்கு எதிராக எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். பள்ளம் அதிகமாக இருந்தால் தரை பழசு. பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணி வீட்டின் வயதைச் சொல்வது போலத்தான். செய்யத் தொடங்கினால்தான் வில்லங்கம் புரியும். நான் முதலில் எண்ணியபோது என் தரை ஏகத்துக்குப் பழசாக வந்தது. வழிகாட்டி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதெல்லாம் வரிசையாகச் சங்கிலி போல நிற்கிறதே, கண்ணில் படவில்லையா?” என்றார். தூரத்தில் ஒரு பெரிய மோதல் தெறித்த கற்கள் விழுந்து உண்டான துணைப் பள்ளங்கள் அவை. அவற்றைத் தனி மோதல்களாக எண்ணியிருந்தேன். இரண்டு மாத வேலை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் சங்கிலியைத்தான் தேடுவேன்.

இன்னொரு பழக்கம்: ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்காவின் ஹூஸ்டன் அருகே நிலவு, கோள் அறிவியல் மாநாடு ஒன்று நடக்கிறது. அதற்கு அனுப்புகிற சுருக்கங்கள் இரண்டே பக்கம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். வாரத்துக்கு இரண்டு படியுங்கள். புரியாது. ஆறாம் மாதம் பாதி புரியும். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பது முழுக்கப் புரிந்துவிடும். கோடைக்காலப் பயிற்சிக்கு யாருக்கு எழுதுவது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்துகிற கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கும் பி.ஆர்.எல். நடத்துகிற கோடைப் பயிற்சிக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கடிதம் எழுதும்போது “சிறு வயது முதலே விண்வெளி என்றால் உயிர்” என்று தொடங்காதீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி அப்படித்தான் தொடங்குகின்றன. “இந்தப் படத்தில் இத்தனை பள்ளங்கள் எண்ணினேன், இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன்” என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே பதில் போடுவேன்.

வெளிநாடு போனால்தான் முடியுமா? இல்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒருமுறையாவது போய் வருவது நல்லது. அமெரிக்காதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அங்கே இப்போது காற்று சரியில்லை. நாசாவுக்குக் கலங்களை உருவாக்குகிற ஜே.பி.எல். ஆய்வகம் 2024 பிப்ரவரியில் ஒரே வீச்சில் 530 பேரை அனுப்பியது, அதன் பிறகும் அனுப்பியது. 2025-ல் அந்நாட்டு அரசு நாசாவின் அறிவியல் ஒதுக்கீட்டை ஏறக்குறைய பாதியாக வெட்ட வேண்டும் என்று முன்மொழிந்தது. முன்மொழிவு வேறு, நாடாளுமன்றம் தருகிற பணம் வேறு. ஆனாலும் அனுபவசாலிகளே வேலை தேடுகிற சந்தையில் புதியவருக்கு இடம் சுருங்கும். நாசா மையங்களின் நிரந்தர வேலைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடும் அதிகம். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனம் ஆங்கிலத்திலேயே முனைவர் பட்டத் திட்டம் நடத்துகிறது, சம்பளமும் உண்டு. ஜப்பானில் அரசு தருகிற மெக்ஸ்ட் உதவித்தொகை இருக்கிறது. சந்திரயான்-5 அவர்களோடு சேர்ந்து செய்வது என்பதையும் மறக்காதீர்கள். ஐரோப்பாவின் ஜூஸ் கலம் 2031-லும் அமெரிக்காவின் யூரோப்பா கிளிப்பர் 2030-லும் வியாழனை அடையும். நீங்கள் முதுமுனைவர் ஆய்வு தேடுகிற வயதில் அந்தத் தரவுகள் வந்து குவிந்துகொண்டிருக்கும். எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வருகிறது.

செய்தி படிப்பதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2020-ல் வெள்ளியின் மேகத்தில் பாஸ்பீன் வாயு என்றார்கள், உயிர் இருக்கிறது என்று தலைப்புப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற தொலைதூரக் கோளின் காற்றில் டைமெத்தில் சல்பைடு இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தாம் உண்டாக்குகின்றன, ஆகவே மறுபடி அதே தலைப்பு. சில வாரங்களுக்குள் அதே தரவை வேறு குழுக்கள் எடுத்துப் பார்த்து, சமிக்ஞை அவ்வளவு உறுதியில்லை என்றன. யாரும் பொய் சொல்லவில்லை. முதல் கட்டுரையிலேயே மூன்று சிக்மா (சமிக்ஞை எவ்வளவு உறுதி என்று சொல்லும் அளவு) என்றுதான் போட்டிருந்தது. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும் என்பது வழக்கம். தலைப்பில் சிக்மா வராது. நீங்கள் இயற்பியல் மாணவி, உங்களுக்கு அந்த எண் முதலில் கண்ணில் பட வேண்டும்.

அதே போல “நாசா பயிற்சிச் சான்றிதழ்” என்று காசு வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு நிறுவனத்தில் 15,000 ரூபாய் கட்டி, இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, தங்க முலாம் எழுத்தில் சான்றிதழ் வாங்கி வந்தான். அதை எந்தத் தேர்வுக் குழுவும் திரும்பிப் பார்க்கவில்லை. இஸ்ரோவே இணையவழியில் நடத்துகிற ஸ்டார்ட் பயிற்சி இருக்கும்போது இதற்கு எதற்குப் பணம்? மாணவர்கள் சிறுகோள் தேடுகிற இலவச இயக்கங்கள் உண்டு. சேருங்கள், படத்தில் நகர்கிற புள்ளியைக் கண்டுபிடிப்பது நல்ல பொழுதுபோக்கு, கண்ணுக்கும் பழக்கம். ஆனால் அதை ஆராய்ச்சி அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். தொலைநோக்கி இல்லையே என்ற கவலையை விட்டுவிடுங்கள். நானே சொந்தமாக ஒன்று வாங்கியதில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தால் சனிக்கிழமைகளில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வாருங்கள். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அங்கே இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திர ஒளி எதிர்பாராமல் மங்கியதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்று நினைத்தார்கள். வளையம் என்று பிறகு தெரிந்தது. போவதற்கு முன் பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், மேகமூட்டம் என்றால் வீண் அலைச்சல்.

அப்பாவிடம் என்ன சொல்வது? வங்கித் தேர்வை எழுத மாட்டேன் என்று சண்டை போடாதீர்கள். எழுதுங்கள். கணிதத் திறன் பகுதிக்குப் படிப்பது நெட் தேர்வின் முதல் பகுதிக்கும் உதவும். கூடவே ஜாமுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். முதுகலை இரண்டு ஆண்டுக்குள் நெட் தேர்வில் உதவித்தொகை கிடைக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகிறேன் என்று ஒரு கெடு வைத்துக் கேட்டுப் பாருங்கள். நான் என் அப்பாவிடம் வைத்த கெடுவும் அதுதான். அவர் கூட்டுறவு வங்கியில் காசாளர், உதவித்தொகை எவ்வளவு என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நிலாவைப் பார்க்கிறதுக்கா?” என்று கேட்டார். பள்ளம் எண்ணுகிறேன் என்றால் நம்பியிருக்க மாட்டார், அதனால் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

படத்தைத் தரவிறக்கி எண்ணத் தொடங்கியதும், எங்கே சிக்கினீர்கள் என்று எழுதுங்கள்.